பெற்றோல் செட்டுக்குக் கீழே கசிந்த எண்ணெய்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலத்தடி நீரில் மாதிரி எடுப்பது என் தொழில். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் எங்காவது வேலியோரமாகக் குந்தியிருந்து குழாய்க்குள் கயிறு இறக்கினால் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது வந்து பக்கத்தில் நிற்பார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். தேத்தண்ணிக் கடையிலும் அதே, கலியாண வீட்டுப் பந்தியிலும் அதே. ஒவ்வொரு முறையும் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டியிருப்பதால் முழுதாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன. எந்தச் செட் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பெற்றோல் தாங்கி இரும்புதானே தம்பி? அதுக்குள்ளால எப்படி வெளிய வரும்?

இரும்பு என்பதுதான் பிரச்சினையே. கடற்கரை மண்ணில் உப்பும் ஈரமும் சேர்ந்து இருபது, முப்பது வருடத்தில் இரும்பைத் தின்றுவிடும். ஆனால் ஓட்டை தாங்கியில்தான் விழ வேண்டும் என்றில்லை. தாங்கியிலிருந்து பம்புக்குப் போகும் குழாயின் மூட்டுகள், பவுசர் வந்து எண்ணெய் இறக்கும் வாய், இந்த இரண்டு இடத்தையும் நான் முதலில் பார்ப்பேன். பவுசரின் குழாயைக் கழற்றும்போது தினமும் ஒரு கோப்பை சிந்தினாலும் அது கொங்கிரீற் வெடிப்பால் கீழேதான் போகிறது.

செக்கனுக்கு ஒரு சொட்டு ஒழுகுகிறது என்று வையுங்கள். பெற்றோல் சொட்டு சிறியது, நாற்பது சேர்ந்தால்தான் ஒரு மில்லிலீற்றர். அப்படியிருந்தும் நாளுக்கு 2 லீற்றருக்கு மேல், வருடத்துக்கு ஏறக்குறைய 800 லீற்றர் போய்விடும்.

செட்காரர் கணக்குப் பார்க்கிறவர்தானே? குறைஞ்சா அவருக்குத் தெரியாதா?

காலையில் அளவுகோலை இறக்கி எடுப்பார்கள், பம்பில் ஓடிய அளவோடு ஒப்பிடுவார்கள். நேர்மையாகப் பார்க்கிறவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. பெற்றோல் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். பவுசரில் வந்த 10,000 லீற்றர் நிலத்துக்குக் கீழே போய் 5 பாகை குளிர்ந்தால் ஏறக்குறைய 50 லீற்றர் கணக்கில் குறையும். முன்னே சொன்ன 2 லீற்றர் அந்த ஆட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஆகவே ஒரு நாள் கணக்கில் ஒன்றும் தெரியாது. மூன்று மாதக் கணக்கை வரிசையாக எழுதிப் பாருங்கள். வெப்பநிலையால் வருவது ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஒழுக்கு ஒரே பக்கம்தான் போகும். இன்னொரு அடையாளமும் உண்டு. தண்ணீர் பட்டால் நிறம் மாறும் ஒரு பசையை அளவுகோலின் நுனியில் பூசி இறக்குவார்கள். மாரி காலத்தில் மட்டும் தாங்கியின் அடியில் தண்ணீர் காட்டினால், வெளித்தண்ணீர் உள்ளே வர வழி இருக்கிறது. அந்த வழியாலேயே கோடையில் எண்ணெய் வெளியே போகும்.

கீழ போற பெற்றோல் எங்க போய் நிக்கும்?

நாலு இடத்தில். கொஞ்சம் மணலில் ஒட்டிக்கொள்ளும். மிச்சம் நிலத்தடி நீர் வரை இறங்கி, தண்ணீரை விடப் பாரம் குறைந்தது என்பதால் அதன்மேல் மிதக்கும். மிதப்பதில் ஒரு பகுதி தண்ணீரில் கரையும். இன்னொரு பகுதி ஆவியாகி மணலின் இடைவெளிகளால் மேலே ஏறும். கரைந்தது தண்ணீர் போகும் திசையில் போகும். நிலாவெளிப் பக்கத்து மணல் திடலில் அது பொதுவாகக் கடல் பக்கம்தான். ஆனால் நடுவில் ஒரு ஹோட்டல் நாள் முழுக்க மோட்டர் போட்டு இறைத்தால் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

நகரத்துக்குள் பாறை உள்ள இடங்களில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. எண்ணெய் வெடிப்பு போகிற பக்கம் போகும். பக்கத்துக் கிணற்றில் ஒன்றும் இல்லாமல் ஐந்தாவது வீட்டுக் கிணற்றில் வரலாம்.

எங்கட கிணத்தில தண்ணிக்கு மேல வானவில் மாதிரி மினுங்குது. பெற்றோலா?

ஒரு குச்சியால் அந்தப் படலத்தைக் கீறிப் பாருங்கள். கண்ணாடி உடைந்ததுபோலத் துண்டு துண்டாகப் பிரிந்து, பிரிந்தபடியே நின்றால் அது இரும்புக் கசடில் வாழும் பக்டீரியாவின் வேலை. நம் பக்கத்துக் கிணறுகளில் சாதாரணம். குச்சியை எடுத்ததும் படலம் ஓடிவந்து திரும்ப ஒட்டிக்கொண்டால் எண்ணெய்தான். ஆனால் வோட்டர் பம்பிலிருந்து வடிந்த ஒயிலும் அப்படித்தான் ஒட்டும். செட்காரரோடு சண்டைக்குப் போகுமுன் உங்கள் பம்பைப் பாருங்கள். நான் போன வீடுகளில் இரண்டு மூன்றில் அதுதான் காரணம்.

மணம் இல்லாட்டிப் பயப்படத் தேவையில்லைத்தானே அண்ணை?

இல்லை. மிக அதிகமாகச் சொல்லிக் களைத்த பதில் இது. பெற்றோலில் பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் என்று நாலு பொருட்களைத் தேடுவோம். மோசமானது பென்சீன். மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியானது. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். பென்சீன் மட்டும் கலந்த தண்ணீரில் மூக்குக்குத் தெரிவது ஏறக்குறைய 10 மில்லிகிராமில், அதாவது ஆயிரம் மடங்கில். பெற்றோலில் உள்ள மற்றவை முந்தி மணக்கலாம், ஆனால் அதை நம்பிக் குடிக்க முடியாது. தினமும் அதே தண்ணீரோடு இருக்கிறவரின் மூக்கு வேறு பழகிவிடும். வீட்டுக்காரருக்குத் தெரியாதது விருந்தாளிக்குத் தெரியும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லீற்றர் பெற்றோலில் ஒரு வீதம் பென்சீன் என்று வைத்தால் 8.8 கிராம். அதை 10 மைக்கிரோகிராம் அளவுக்குக் கலக்க 880,000 லீற்றர் தண்ணீர் வேண்டும். எட்டடி விட்டமும் ஆறடித் தண்ணீரும் உள்ள கிணறுகள் நூறு. 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் கான்களில் வாங்கி வளவுக்குள் வைத்திருந்தவர்களும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

கொதிக்க வைச்சா ஆவியாப் போயிடாதா? இல்லாட்டிக் கரி போட்டு வடிச்சா?

போகும். போய் எங்கே நிற்கும்? உங்கள் குசினிக்குள். குடிப்பதற்குப் பதிலாகச் சுவாசிப்பீர்கள். எவ்வளவு நேரம் கொதித்தால் எவ்வளவு மிச்சம் என்று வீட்டில் அளக்கவும் வழியில்லை.

கரி விஷயத்தில் பாதி உண்மை உண்டு. இந்த வேலைக்கு உலகமெங்கும் பாவிக்கும் ஊக்குவித்த கரியில் நல்ல பங்கு சிரட்டையிலிருந்து செய்வது, நம் நாட்டிலிருந்தே ஏற்றுமதியாவது. ஆனால் அது ஆலையில் உயர்ந்த சூட்டில் நீராவி பாய்ச்சி நுண்துளை திறந்த கரி. அடுப்பில் அணைத்த சிரட்டைக்கரி அந்த வேலை செய்யாது. சரியான கரியும் ஒருநாள் நிரம்பிவிடும், நிரம்பியதை நாக்குச் சொல்லாது. வடிகட்டி வைத்தால் அதன் பின்பக்கத் தண்ணீரையும் சோதிக்க வேண்டும்.

குடிக்கப் போத்தல் தண்ணி வாங்குறம். பள்ளி ஹவுழுக்கு, குளிக்கவாவது பாவிக்கலாமா தம்பி?

ஒரு பள்ளிவாசல் நிர்வாகி கேட்டது. ஹவுழ் என்பது தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தொட்டி, அந்தக் கழுவல்தான் வுழூ. சோதனை முடிவு வரும்வரை வேண்டாம் என்றேன். மூடிய குளியலறையில் தண்ணீர் சிதறும்போது ஆவி மூச்சோடு போகும், தோலாலும் கொஞ்சம் ஏறும். திறந்த வெளி ஹவுழில் ஆபத்து குறைவு, ஆனால் வாய் கொப்பளிப்பதும் வுழூவில் உண்டு. அவர்கள் அடுத்த நாளே பவுசர் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் இணைப்பு கிடைக்கும் வீதி என்றால் அதற்கு விண்ணப்பிப்பதுதான் நல்லது.

வெள்ளத்துக்குப் பிறகு செய்யிற மாதிரி குளோரின் போட்டு இறைச்சு விட்டாச் சரிதானே?

குளோரின் கிருமிக்கு. பெற்றோலை ஒன்றும் செய்யாது. இறைப்பது அதைவிடப் பிழை. செட் பக்கத்திலிருந்து இன்னும் எண்ணெயை நீங்களே இழுத்து எடுக்கிறீர்கள்.

இந்த ஒரு விடயத்தில் மட்டும் குரலை உயர்த்துகிறேன்: பெற்றோல் மணக்கும் கிணற்றுக்குள் ஒருவரையும் இறக்காதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று, நாலு மடங்கு பாரம். கிணற்றின் அடியில் தேங்கி நிற்கும். இறங்குகிறவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். காற்றில் 1.4 வீதம் ஆவி சேர்ந்தாலே தீப்பிடிக்கப் போதும், மோட்டரின் ஒரு பொறி காணும்.

அப்ப முதல்ல ஆருக்குச் சொல்றது?

பீ.எச்.ஐக்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), உங்கள் பிரதேச சபைக்கும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். எரிபொருள் நிலையம் நடத்தச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். அந்தக் கோப்பு அவர்களிடம் இருக்கும். செட்காரருக்கும் அன்றே சொல்லுங்கள். ஒழுக்கை நிறுத்தக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

வந்தவங்கள் மூண்டு ஓட்டை போட்டாங்கள், பைப்பை நட்டுட்டுப் போயிட்டாங்கள். என்னதான் செய்யிறாங்கள்?

முதலில் கைத்துளைப்பானால் மண் எடுப்போம். அரை மீற்றருக்கு ஒரு பிடி மண்ணைப் பைக்குள் போட்டுக் கட்டி, கொஞ்ச நேரம் வெயிலில் விட்டு, ஆவி அளக்கும் கருவியின் மூக்கை உள்ளே விடுவோம். எந்த ஆழத்தில் எண் எகிறுகிறது என்று தெரியும். பிறகு அந்த ஓட்டைக்குள் வெட்டு உள்ள பீவீசி பைப்பை இறக்கிச் சுற்றிவரச் சல்லி போட்டு, மேல்பக்கம் களியால் அடைப்போம். வெட்டுகள் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும். முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டால் மிதக்கும் எண்ணெய் உள்ளே வராது, எல்லாம் நல்லம் என்று பொய் சொல்லும் பைப்பாகிவிடும். மூன்று ஓட்டை ஏனென்றால், மூன்று இடத்தின் நீர்மட்டத்தைத் தெரிந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வரையலாம். இரண்டு காணாது.

தண்ணீரை எடுப்பது பெய்லரால். அடியில் ஒரு குண்டு வால்வு உள்ள நீளக் குழாய், இறக்கினால் திறக்கும், தூக்கினால் மூடும். அதிலிருந்து 40 மில்லிலீற்றர் சின்னக் குப்பிக்குள் சரித்து ஊற்றி, வாய்விளிம்பில் தண்ணீர் குமிழாக நிற்கும்போது மூடியைத் திருக வேண்டும். பிறகு தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்ப்போம். கடுகளவு காற்றுக் குமிழ் ஓடினாலும் வீசிவிட்டு வேறு எடுப்போம், ஏனென்றால் பென்சீன் அந்தக் குமிழுக்குள் போய்விடும். பிறகு ஐஸ் பெட்டி.

தொழிலுக்கு வந்த புதிதில் காலையில் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்துவிட்டு, கையுறை மாற்றாமல் மாதிரி எடுத்தேன். சுத்தமான தண்ணீர் மட்டும் ஊற்றிய ஒப்பீட்டுக் குப்பியிலும் தொலுயீன் வந்தது. ஒரு நாள் வேலை முழுக்க வீண். இப்போது முதல் நாள் பின்னேரமே அடித்து வைத்துவிடுவேன்.

பைப்புக்குள்ள ஒரு அடி எண்ணெய் நிக்குதாம். அப்ப நிலத்துக்குக் கீழ ஒரு அடிக்குப் பெற்றோல் குளமா?

இல்லை. மணலில் எண்ணெய் இடைவெளிகளில்தான் இருக்கிறது, பைப்புக்குள் தங்கு தடையில்லாமல் வடிந்து சேரும். உள்ளே தெரியும் உயரம் வெளியே உள்ளதைவிடப் பல மடங்கு கூடக் காட்டலாம். பத்திரிகைக்குச் சொல்லுமுன் இதை ஞாபகம் வையுங்கள்.

மாரி மழை கழுவிக்கொண்டு போயிடும்தானே? போன மார்கழியில பார்த்து ஒண்டும் இல்லை எண்டு அறிக்கையும் தந்தாங்கள்.

இந்தக் கேள்விக்காகவே இதையெல்லாம் எழுதத் தொடங்கினேன். நமக்கு மழையின் பெரும் பங்கு ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டுகிறது. நீர்மட்டம் ஏறும். மிதந்துகொண்டிருந்த எண்ணெயும் அதோடு ஏறும், ஏறும்போது மணல் இடைவெளிகளில் சிறு துளிகளாகச் சிக்கித் தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடும். பைப்புக்குள் வடிந்து வராது. கரைந்ததும் மழைத் தண்ணீரோடு ஐதாகிக் குறைந்த எண் காட்டும். மார்கழி அறிக்கை பொய்யென்று சொல்லவில்லை. மார்கழிக்கு மட்டும் உண்மை.

கச்சான் அடிக்கும் ஆவணியில் அதே பைப்பைத் திறந்து பாருங்கள். நீர்மட்டம் இறங்கிவிடும், சிக்கியிருந்தது வடிந்து திரும்ப மிதக்கும். ஒவ்வொரு வருடமும் ஏறி இறங்கி, உச்சத்துக்கும் அடிக்கும் இடையிலுள்ள மணல் முழுவதையும் பூசிவிடும், தூரிகையால் சுவரைப் பூசுவதுபோல. என்னிடம் யாராவது அறிக்கையை நீட்டினால் பென்சீன் எண்ணைப் பார்க்குமுன் மாதிரி எடுத்த திகதியையும் அன்றைய நீர்மட்டத்தையும் தேடுவேன். இரண்டும் இல்லாத அறிக்கையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எப்படித்தான் துப்புரவாக்கிறது? மண்ணை அள்ளி ஏத்தினா முடிஞ்சுதா?

முதலில் ஒழுக்கை நிறுத்த வேண்டும், தாங்கியைக் காலியாக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மாரியில் நீர்மட்டம் தாங்கிக்கு மேலே இருக்கும்போது 20,000 லீற்றர் தாங்கியைக் காலியாக்கினால் தண்ணீர் ஏறக்குறைய 20 தொன் விசையோடு மேலே தள்ளும். இரும்பின் பாரம் அதற்கு ஈடில்லை. கட்டிப் பிடிக்காத தாங்கி கொங்கிரீற்றைப் பிளந்துகொண்டு எழும்பும், குழாய்கள் அறுந்து மிச்சமும் ஊற்றும். நிலத்தடி நீர் இறங்கிய காலத்தில் செய்வது நல்லது, அவசரம் என்றால் பாரம் கட்டிவிட்டு.

அடுத்தது மிதப்பதை உறிஞ்சி எடுப்பது, பிறகு மண். தாங்கிக் குழியைச் சுற்றியுள்ள மோசமான மண்ணை அள்ளலாம். ஆனால் அள்ளிய மண் எங்கே போகிறது என்று கேளுங்கள். யாருடைய வளவையோ நிரப்பப் போனால் பிரச்சினை முகவரி மாறியதுதான். பொலித்தீன் விரிப்பில் கொட்டிக் காற்றுப்பட வைத்துச் சோதித்துத்தான் வெளியே விட வேண்டும். அள்ள முடியாத ஆழத்துக்கு, நம் மணலுக்குப் பொருத்தமானது ஆவியை உறிஞ்சும் முறை: பைப்புகளை நட்டு மேலிருந்து காற்றை இழுப்பது, நீர்மட்டத்துக்குக் கீழே காற்றை ஊதுவது. களிமண் நிலத்தில் இது அவ்வளவு எடுபடாது.

தண்ணியை இறைச்சுச் சுத்தமாக்கினா உப்பு ஏறுமாமே?

சரியான பயம். கடற்கரையில் நன்னீர் ஒரு வில்லைபோல உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் நிற்கும் என்பது பழைய கணக்கு. திருப்பிப் போடுங்கள்: இறைத்து மட்டத்தை 10 சென்ரிமீற்றர் குறைய வைத்தே வைத்திருந்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 4 மீற்றர் ஏறப் பார்க்கும். பெற்றோலைத் துரத்தப் போய்க் கிணற்றை உப்பாக்கிவிடலாம். அதனால்தான் முந்திய பதிலில் காற்றைச் சொன்னேன். இறைத்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக, உப்புத்தன்மையைத் தினமும் அளந்துகொண்டு.

பக்டீரியா பெற்றோலைத் தின்னுமாம், போத்தலில வாங்கி ஊத்தலாமா?

தின்னும். வாங்கத் தேவையில்லை, மண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, நம் சூட்டில் நன்றாகவே வேலை செய்யும். அதற்குக் குறைவது ஒட்சிசன். ஒரு கிராம் பெற்றோலுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் ஒட்சிசன் வேண்டும், நம் வெப்பத்தில் ஒரு லீற்றர் தண்ணீரில் கரைவதோ 8 மில்லிகிராம் மட்டில்தான். ஒரு லீற்றர் பெற்றோலை முடிக்கத் தேவையான ஒட்சிசன் இரண்டே முக்கால் இலட்சம் லீற்றர் தண்ணீரில் இருக்கிறது. அதே அளவு எட்டு, ஒன்பது கன மீற்றர் காற்றில் இருக்கிறது. போத்தலுக்குக் கொடுக்கும் காசைக் காற்று ஊதும் மோட்டருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இது வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய், சீனக்குடாத் தாங்கியில இருந்து வந்தது எண்டு சொல்லுறாங்களே?

சீனக்குடாத் தாங்கிகள் பிரித்தானியர் கடற்படைக் கப்பல்களுக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்டதும் வரலாறு. ஆனால் கப்பல் உலைகளில் எரித்தது கறுத்த, தடித்த எண்ணெய். ஆய்வுகூடக் கருவியில் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல், உலை எண்ணெய் ஒவ்வொன்றும் வேறு வேறு மலைத்தொடர்போல வரும், கைரேகை மாதிரி. நிலாவெளிக் கிணற்றில் புதுப் பெற்றோல் ரேகை வந்தால் இந்தக் கதை அதோடு சரி.

காலத்தைக் கணிக்க ஈயமும் உதவும். ஈயம் கலந்த பெற்றோல் இங்கே 2002இல் நின்றது. சேர்ந்து வந்தால் பழைய கசிவு, ஆகவே பழைய முதலாளியின் பெயரும் கோப்பில் ஏறும்.

நட்டஈடு கிடைக்குமா?

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தைப் பாருங்கள். மின் நிலையத்திலிருந்து நிலத்தடி நீரில் கழிவு எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. அழுக்காக்கியவரே செலவைக் கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டின்படி. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்திலும் நீரையும் மண்ணையும் மாசாக்குவதற்கு எதிரான பிரிவுகள் உண்டு. சுன்னாகத்திலும் ஒரு அறிக்கைக்கு எதிராக இன்னொரு அறிக்கை வந்தது.

வழக்கறிஞர் வேலையில் நான் தலையிடுவதில்லை. மாதிரி யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, யாரிடம் கையளித்தார் என்ற சீட்டுக்கு உங்களுக்கும் ஒரு பிரதி கேளுங்கள். அது இல்லாத முடிவை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும்.

எப்ப திரும்ப எங்கட கிணத்தைப் பாவிக்கலாம் மகன்?

ஒழுக்கு நின்று, மூலம் அகற்றி, குறைந்தது ஒரு முழு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, அதில் நீர்மட்டம் அடியில் நிற்கும் ஆவணி, புரட்டாதி மாதிரியும் சுத்தமாக வந்தால், அதற்குப் பிறகு. மாரி மாதிரியை மட்டும் வைத்து இல்லை, ஏனென்று மேலே சொன்னேன். நல்ல மணலில், காற்று ஊதினால், இரண்டு மூன்று வருடத்தில் முடிந்தால் அதிர்ஷ்டம். இதைக் கேட்ட அம்மாவுக்கு என் பதில் பிடிக்கவில்லை, வீட்டு முருங்கைக்காவது ஊற்றலாமா என்றார். வாளியில் அள்ளி ஊற்றும்போது அதன் ஆவியை நீங்கள்தான் முதலில் சுவாசிக்கிறீர்கள், பொறுங்கள் அம்மா என்றேன்.

அதுவரை உங்கள் வேலியோரம் நட்ட பைப்பின் மூடியைப் பூட்டி வைத்திருங்கள். போன தடவை ஒரு வளவில் திறந்து பெய்லரை இறக்கினால் பாதியில் நின்றுவிட்டது. பிள்ளைகள் கிளிஞ்சல் போட்டு நிரப்பியிருந்தார்கள்.